வேரைத் தோண்டிப் பார்த்தீர்களா?
வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் ஏழு கடிதங்கள், ஊரால் வேறுபட்டாலும், ஒரே சிக்கலைப் பற்றியவை. மண்ணிலிருந்து வேருக்குள் புகும் நுண்ணிய புழுவான நூற்புழுவும் பூசணமும் ஒரே வேரில் சேர்ந்து தாக்கும்போது எதற்கு மருந்து இடுவது, எப்போது இடுவது என்பதையே எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் 2 ஏக்கர் செம்மண் புஞ்சை வைத்திருக்கிறேன், கிணற்றுப் பாசனம். மூன்று ஆண்டுகளாகத் தக்காளியும் கத்தரியும் மாற்றி மாற்றிப் போட்டேன். விலை கட்டுப்படியாகாததால் இந்த ஆடிப்பட்டத்தில் சோயா மொச்சை விதைத்தேன். 35 நாள் வரை பயிர் நன்றாக இருந்தது. பிறகு திட்டுத் திட்டாகச் செடிகள் மதிய நேரத்தில் தலை தொங்கி, ஒரு வாரத்தில் காய்ந்துவிட்டன. மருந்துக் கடையில் வேரழுகல் என்று சொல்லிக் கார்பன்டாசிம் கொடுத்தார்கள். இரண்டு முறை வேரில் ஊற்றியும் திட்டு பெரிதாகிக்கொண்டே போகிறது. மருந்து போலியா, அல்லது நோயே வேறா?

பதில்: மருந்து போலியாக இருக்க வேண்டியதில்லை. கடைக்காரர் சொன்ன நோயின் பெயரும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அவர் பார்த்தது பின்னால் வந்தவனை. முன்னால் வந்து கதவைத் திறந்து வைத்தவனை யாரும் பார்க்கவில்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தக்காளியும் கத்தரியும் போட்ட செம்மண் நிலம் என்று நீங்கள் எழுதிய வரியே எனக்குப் பாதி விடையைச் சொல்லிவிட்டது. வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அவ்விரண்டையும்போல் பிடித்த பயிர் வேறு அதிகமில்லை. இடைவெளி மிகுந்த மணற்பாங்கான செம்மண், அது ஊர்ந்து செல்வதற்கு ஏற்ற மண். நீங்கள் காய்கறி விற்றுக்கொண்டிருந்த மூன்று ஆண்டுகளிலும் அது மண்ணுக்குள் பெருகிக்கொண்டிருந்தது. சோயா அதன் அடுத்த பந்தியாக அமைந்துவிட்டது.

மண்ணிலிருக்கும் இதன் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதது, கண்ணுக்குத் தெரியாது. வேரின் நுனிக்குச் சற்றுப் பின்னால் துளைத்து உள்ளே போய், நீரும் உணவும் கடத்தும் திசுவுக்கு அருகில் தலையை வைத்து ஓரிடத்தில் தங்கிவிடுகிறது. அங்கே அது சுரக்கும் பொருள்களால் சில உயிரணுக்கள் பல மடங்கு பருத்துப் பல உட்கருக்கள் கொண்ட பேரணுக்களாக மாறுகின்றன. அவையே புழுவின் சாப்பாட்டுத் தட்டு. சுற்றியுள்ள வேர்த்திசு வீங்கி முடிச்சாகிறது. நம் வெயிலில் 25 முதல் 30 நாள்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஒவ்வொரு பெண் புழுவும் பசை போன்ற உறையில் 300 முதல் 500 முட்டைகள் வரை இடுகிறது. 90 நாள் சோயாவில் மூன்று தலைமுறை என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் செடிகள் 35 நாளுக்குப் பிறகு வாடத் தொடங்கியதும் இந்தக் கணக்குக்குள் அடங்குவதுதான்.

முதல் தலைமுறை வளர்ந்து, வேர் முடிச்சுகளால் நிரம்பி, செடி நீரை உறிஞ்சத் திணறும் வேளையில்தான் வேரழுகல் பூசணம் நுழைகிறது. நம் பகுதியில் பெரும்பாலும் அது மேக்ரோபோமினா என்பதாக இருக்கும். மண்ணின் சூடும் வறட்சியும் கூடக் கூட அதற்குக் கொண்டாட்டம். நூற்றுக்கணக்கான பயிர்களைத் தாக்கக்கூடிய இந்தப் பூசணம், கரித்தூளைப் போன்ற கரும்புள்ளி விதைகளாக மண்ணிலும் பழைய தட்டையிலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். காய்ந்த செடி ஒன்றின் ஆணிவேரையும் அடித்தண்டையும் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே சாம்பல் நிறமாகி, குண்டூசித் தலையினும் சிறிய கரும்புள்ளிகள் தூவியதுபோல் இருந்தால் அது மேக்ரோபோமினா. நடுவில் உள்ள நீர்க்குழாய்கள் மட்டும் பழுப்பாகி இருந்தால் பியூசேரியம் வாடல். மண்மட்டத்தில் வெள்ளை நூல் படர்ந்து கடுகு போன்ற பழுப்பு மணிகள் ஒட்டியிருந்தால் ஸ்கிளிரோசியம் தண்டழுகல்.

கார்பன்டாசிம் பூசணக்கொல்லி, நூற்புழுவின் மீது அதற்கு வேலையில்லை. அழுகிய வேரை அது திரும்ப முளைக்க வைப்பதுமில்லை. முடிச்சு விழுந்த வேர் இருக்கும்வரை பூசணம் அடுத்த செடிக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். திட்டு நீங்கள் ஏர் ஓட்டிய திசையிலோ சொட்டுநீர்க் குழாய் போன வழியிலோ நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். நூற்புழு தானாக நகர்ந்து ஒரு பருவத்தில் ஒரு மீட்டர் கடப்பதே அரிது. கலப்பையும் தண்ணீரும் நாற்றும் காலில் ஒட்டிய மண்ணும்தான் அதைச் சுமந்து செல்கின்றன.

இனி என்ன செய்வது என்ற இடத்தில் நான் உங்களுக்கு இனிப்பாகப் பேச விரும்பவில்லை. 40 நாள் கடந்து நிற்கும் பயிரில் இந்தக் கூட்டுத் தாக்குதலை நிறுத்தும் மருந்து கிடையாது. மூன்றாவது முறை பூசணக்கொல்லி வாங்கும் பணத்தை மிச்சப்படுத்துங்கள். திட்டின் விளிம்பிலும் அதைச் சுற்றி இரண்டு மூன்று அடி தூரத்திலும் இன்னும் பசுமையாக நிற்கும் செடிகளைக் காப்பாற்றுவதே இனி உங்கள் வேலை. பூக்கும் பருவத்திலும் காய் பிடிக்கும் பருவத்திலும் மண் காய விடாமல் அளவாகத் தண்ணீர் கொடுங்கள். வறட்சி விழுந்தால் மேக்ரோபோமினா இரட்டிப்பு வேகத்தில் போகும். ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை 20 கிலோ மக்கிய எருவுடன் கலந்து ஈரமான மண்ணில் இட்டு, செடியின் அடியில் மண் அணைத்துவிட்டால் மேல்பகுதியில் புதுவேர் விட ஓரளவு வாய்ப்புண்டு. பாய்ச்சும் தண்ணீர் திட்டின் வழியாக நல்ல பகுதிக்கு ஓடாதபடி வாய்க்காலைத் திருப்பிவிடுங்கள். அறுவடைக்குப் பிறகு தட்டையை மட்டும் அறுத்துவிட்டு வேரை மண்ணில் விடாதீர்கள். திட்டுப் பகுதியிலாவது வேரோடு தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள். மணத்தக்காளி, குப்பைக்கீரை போன்ற களைகளையும் விட்டுவைக்க வேண்டாம். பயிர் இல்லாத காலத்தில் நூற்புழு அவற்றின் வேரில்தான் குடியிருக்கும்.

அடுத்த பயிருக்கான சிகிச்சை விதைப்புக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை ஆழ உழுது மண்ணைப் புரட்டிக் காயப் போடுங்கள். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பு ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கைத் தூளாக்கி இட்டு ஈரம் கொடுங்கள். நோய்ப் பூசணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற பூசணம் 1 கிலோ, நூற்புழுவின் முட்டையைத் தின்னும் பர்பூரியோசில்லியம் என்ற எதிர்உயிர்ப் பூசணம் 1 கிலோ ஆகிய இரண்டையும் 100 கிலோ மக்கிய தொழுஉரத்தில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் 15 நாள் மூடி வைத்து, விதைப்புக்கு முந்தைய உழவில் இடுங்கள். விதைக்கு, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து, பிறகு சோயாவுக்கென்று விற்கும் ரைசோபியத்தை (வேரில் முடிச்சிட்டுக் காற்றின் தழைச்சத்தைச் செடிக்குத் தரும் பாக்டீரியாவை) ஆறிய கஞ்சியில் குழைத்துப் பூசி நிழலில் உலர்த்துங்கள். சோயாவின் தோல் மெல்லியது. நிலக்கடலையைப் போல் எண்ணிக் கையால் அழுத்திப் பிசைந்தால் முளைப்பு பாழாகும்.

கேள்வி: எங்கள் நிலத்தில் (கள்ளிக்குடி) சோயாவின் வேரில் நிறைய முடிச்சுகள் இருக்கின்றன. பயறுவகைச் செடிக்கு முடிச்சு இருப்பது நல்லது என்று என் தம்பி சொல்கிறான். இது புழு முடிச்சு என்று பக்கத்து நிலத்து அண்ணன் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஒரே வேரில் இரண்டும் இருப்பதுண்டு. ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் மணி ஒட்டியதுபோல் நிற்கும். விரலால் நெருடினால் உதிர்ந்துவிடும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரோடு வேராக வீங்கியது. வேரை அறுக்காமல் அதைப் பிரிக்க முடியாது. கிள்ளிப் பார்த்தால் சிவப்பு இருக்காது. பெரிய முடிச்சைப் பிளேடால் மெல்லச் சீவினால் முத்துப்போல் வெண்மையான, பேரிக்காய் வடிவப் பெண் புழுவைக் கைக்கண்ணாடி கொண்டு பார்த்துவிடலாம்.

உங்கள் பகுதி கரிசலாக இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மொச்சை வடிவ நூற்புழு என்று ஒன்று உண்டு. பருத்தி போட்ட நிலங்களில் மிகுதியாக இருக்கும். அது முடிச்சே போடாது. வேரை அலசிய பிறகும் முட்டைப் பசையில் மண் துகள்கள் ஒட்டி, சிறுவேர்கள் அழுக்காகவே தெரியும். முடிச்சு இல்லை என்பதற்காக நூற்புழு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கேள்வி: நான் வேளாண் பட்டப்படிப்பு மாணவி. நூற்புழு வேரில் காயம் ஏற்படுத்துகிறது, அந்தக் காயத்தின் வழியே பூசணம் நுழைகிறது என்று வகுப்பில் படித்தோம். இந்த விளக்கம் போதுமானதா? அமெரிக்காவில் சோயாவில் திடீர் மடிவு நோய் என்று சொல்வதும் இதுதானா?

பதில்: போதாது. காயம் என்பது உண்மையின் மிகச் சிறிய பகுதி. ஊசிமுனையினும் நுண்ணிய துளைதான் காரணம் என்றால், மண்வெட்டி பட்ட ஒவ்வொரு வேரும் அழுகியிருக்க வேண்டும். வேரழுகல் பூசணங்கள் பலவற்றுக்கு உள்ளே போக யாருடைய துளையும் தேவையில்லை.

இவ்விரண்டின் உறவு புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. அமெரிக்காவின் அலபாமாவில் அட்கின்சன் என்ற அறிஞர், பருத்தியின் பியூசேரியம் வாடல் நூற்புழு இருக்கும் நிலத்தில் கடுமையாவதை 1892-ஆம் ஆண்டிலேயே எழுதினார். நம் நாட்டில் வேர்முடிச்சு நூற்புழுவை முதலில் பதிவு செய்தவர் பார்பர்; இடம் நம் நீலகிரியின் தேவாலா, பயிர் தேயிலை, ஆண்டு 1901. அதன் பிறகு புகையிலை, தக்காளி, பருத்தி எனப் பல பயிர்களில் நடந்த சோதனைகள் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பக் காட்டின: நூற்புழுவையும் பூசணத்தையும் ஒரே நாளில் சேர்த்து இடுவதைவிட, நூற்புழுவை மூன்று நான்கு வாரம் முன்னதாக இட்டுவிட்டுப் பிறகு பூசணத்தை இட்டால் நோய் கடுமையாகிறது. துளைதான் காரணம் என்றால், துளை புதிதாக இருக்கும் முதல் நாளில் அல்லவா நோய் மிகுந்திருக்க வேண்டும்? மூன்று நான்கு வாரம் என்பது பேரணுக்கள் முற்றிக் கொழுக்கும் காலம். சர்க்கரையும் அமினோ அமிலமும் செறிந்த அந்தத் திசுவுக்குள் பூசணம் மற்ற இடங்களைவிட வேகமாகப் படர்கிறது. முடிச்சு விழுந்த வேரிலிருந்து மண்ணுக்குள் கசியும் சாறும் மாறிவிடுகிறது. ரைசக்டோனியா போன்ற பூசணங்கள் அந்தக் கசிவை நாடி முடிச்சின்மேல் திரள்வதைக் கண்டிருக்கிறார்கள். ஒரே செடியின் வேரை இரண்டு தொட்டிகளில் பிரித்து வளர்த்து, ஒன்றில் நூற்புழுவையும் மற்றதில் பூசணத்தையும் இட்ட சோதனைகள் சிலவற்றில், இரண்டும் சந்திக்காமலேயே நோய் கூடியிருக்கிறது. அங்கெல்லாம் செடி முழுவதன் எதிர்ப்பாற்றலும் தளர்ந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். பூசணத்துக்கு எதிர்ப்புத்திறன் உள்ள இரகம், நூற்புழு நிறைந்த நிலத்தில் அத்திறனை இழந்து வாடுவதுண்டு. அதைக் கண்டு இரகத்தைக் குறை சொல்வோர் பலர்.

இந்த உறவு இரு தரப்புக்கும் ஆதாயமானது என்று நினைத்துவிட வேண்டாம். பூசணம் பேரணுக்களைத் தின்று அழித்துவிட்டால் நூற்புழு பட்டினிதான். அழுகிய வேரில் நூற்புழுவின் எண்ணிக்கை குறைந்துவிடுவது இதனால்தான்.

அமெரிக்கச் செய்தியை இங்கே அப்படியே கொண்டுவந்து பொருத்தக் கூடாது. அங்கே சோயாவின் முதன்மைப் பகை முட்டைக்கூடு நூற்புழு. வட கரோலினாவில் 1954-இல் கண்டறியப்பட்டது. அது முடிச்சுப் போடாது. பெண் புழுவின் உடலே முட்டைகள் அடங்கிய கெட்டியான கூடாக மாறி, மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். திடீர் மடிவு நோய் 1971-இல் ஆர்கன்சாவில் முதலில் காணப்பட்டது. காரணம் பியூசேரியம் விர்குலிபார்மே என்ற பூசணம். அது வேரைவிட்டு மேலே போவதில்லை. அது சுரக்கும் நச்சு மட்டும் இலைக்கு ஏறி, நரம்புகளுக்கு இடையே மஞ்சளாக்கிக் கருக்குகிறது. முட்டைக்கூடு நூற்புழு உள்ள வயலில் அந்நோய் முந்தி வருகிறது, கடுமையாகவும் வருகிறது. அப்பூசணத்தை அந்தக் கூடுகளிலிருந்தே பிரித்தெடுத்திருக்கிறார்கள். இன்னொன்று: அங்கே நூற்புழு எதிர்ப்பு இரகங்களில் மிகப் பெரும்பாலானவை பி.ஐ. 88788 என்ற ஒரே சோயா மூலத்திலிருந்து வந்தவை. ஆண்டுக்கணக்கில் அதையே விதைத்ததால் நூற்புழு அதற்குப் பழகிவிட்டது. தேர்வுக்கு மட்டுமின்றி, பின்னாளில் நீங்கள் விவசாயிக்கு இரகம் பரிந்துரைக்கும்போதும் நினைக்க வேண்டிய செய்தி இது.

நம் ஊர் சோயாவில் நரம்பிடை மஞ்சளைக் கண்டவுடன் கைப்பேசியில் அமெரிக்கப் படத்தை எடுத்துக் காட்டி நோயின் பெயரை அறிவித்துவிடாதீர்கள். சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இரும்புச்சத்துக் குறையும் நரம்பிடை மஞ்சளைக் காட்டும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமலும் உண்டு. முதலில் வேர்.

கேள்வி: மேலூர்ப் பக்கம் எங்களுக்குப் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சமும், மேட்டுப் புஞ்சையாகக் கொஞ்சமும் நிலம் உண்டு. நூற்புழு, வேரழுகல் இரண்டும் உள்ள நிலத்தில் எந்தப் பயிரை மாற்றிப் போட்டால் இரண்டும் ஒழியும்?

பதில்: இந்தக் கடிதம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நூற்புழுவை மட்டும் கேட்டிருந்தால் பத்து வரியில் சொல்லிவிடுவேன்; பூசணத்தை மட்டும் கேட்டாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போதுதான் பட்டியலில் உள்ள பெயர்கள் ஒவ்வொன்றாக அடிபடுகின்றன.

எள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். வேர்முடிச்சு நூற்புழுவைக் குறைப்பதில் எள்ளுக்கு நல்ல பெயர். ஆனால் எள்ளின் தலையாய நோய் எது? அதே மேக்ரோபோமினா வேரழுகல். நூற்புழுவை விரட்ட எள் போட்டுப் பூசணத்துக்கு விருந்து வைத்த கதையாகிவிடும். நிலக்கடலையில், நம் காய்கறி நிலங்களில் மிகுதியாகக் காணும் வேர்முடிச்சு இனம் பெருகுவதில்லை. ஆனால் அது ஸ்கிளிரோசியம் தண்டழுகலுக்குத் தாய்வீடு. சோளம் நல்ல மாற்றுப்பயிர் என்று பொதுவாகச் சொல்வார்கள். கதிர் பிடிக்கும் காலத்தில் வறட்சி வந்தால் அதன் தண்டிலும் மேக்ரோபோமினாதான் கரி பூசும். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றைப் பயறுதானே என்று சோயாவுக்குப் பின் போடுவது, இரண்டு பகைவர்க்கும் ஒரே இலையில் சோறு போடுவதாகும். வெண்டை, கத்தரி, தக்காளி, பூசணி வகைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

உங்கள் நன்செய்ப் பகுதிக்கு விடை எளிது: நெல். ஒரு போகம் நெல் போட்டு மண் தொடர்ந்து நீரில் மூழ்கிக் கிடந்தால் வேர்முடிச்சு நூற்புழு பெருமளவு குறைந்துவிடும். மேக்ரோபோமினாவின் கரும்புள்ளி விதைகளும், வறண்ட மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடப்பவை, நனைந்த மண்ணில் சில வாரங்களுக்கு மேல் தாங்குவதில்லை. நெல்லுக்கென்று வேறொரு வேர்முடிச்சு இனம் இருக்கிறது. ஆனால் அது உங்கள் சோயாவின் சிக்கல் அன்று. ஆகவே கால்வாயில் தண்ணீர் வரும் ஆண்டில் நெல்லுக்குப் பின் சோயா போடுவது, மருந்தில்லாமல் கிடைக்கும் மருத்துவம். தண்ணீரைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையில் நெல் வைத்தால் இந்தப் பயன் குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேட்டுப் புஞ்சைக்கு அந்த வசதி இல்லை. அங்கே நான் சொல்வது செண்டுமல்லியும் சணப்பும். செண்டுமல்லியின் வேரில் நூற்புழுவுக்கு நஞ்சான பொருள் இருக்கிறது. வேர்முடிச்சுப் புழு அதில் பெருக முடியாது. ஆனால் வரப்போரம் நான்கு செடி நட்டால் போதும் என்று பரவலாக நம்புகிறார்கள். வேர் போன இடத்தில்தான் அதன் வேலை நடக்கும். வயல் முழுவதும், நெருக்கமாக, இரண்டு மூன்று மாதம் நிற்க வேண்டும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தை பக்கத்திலேயே இருக்கும் உங்களுக்கு, ஆயுத பூசையை ஒட்டிப் பூ வரும்படி நட்டால் அது வெறும் செலவாகவும் போகாது. சணப்பில் இளம்புழு வேருக்குள் நுழையும். ஆனால் வளர்ந்து முட்டையிட முடியாமல் மாட்டிக்கொள்ளும். பூக்கத் தொடங்கியதும் மடக்கி உழுதுவிட வேண்டும். மடக்கி உழுத கையோடு விதைத்துவிடாதீர்கள். மக்காத பச்சைத் தழையில் பூசணம் பெருகும். ஈரத்தில் மூன்று வாரமாவது மக்கவிட்டு, அந்த ஈரத்திலேயே டிரைக்கோடெர்மாவையும் இட்டுப் பிறகு விதைக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் இரண்டும் ஒழியும் என்று நான் சொல்லமாட்டேன். பயிர் தாங்கும் அளவுக்குக் குறையும். மேக்ரோபோமினாவை அடியோடு ஒழித்த புஞ்சையை நான் கண்டதில்லை.

கேள்வி: நூற்புழுவுக்குப் போரேட் குருணை போட்டால் உடனே கேட்கும் என்று எங்கள் ஊர்ப் (பேரையூர்) பெரியவர்கள் சொல்கிறார்கள். பழைய இருப்பு கொஞ்சம் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: கூடாது. போரேட்டை நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு முடிவோடு தடை செய்துவிட்டார்கள். விற்பவர் செய்வது குற்றம். வெறுங்கையால் அள்ளி வீசும் உங்களுக்கு அது உயிராபத்து. வேறெந்தக் குருணையாக இருந்தாலும், உறையின்மீது உங்கள் பயிரின் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள். பூசணக்கொல்லியையும் எதிர்உயிர்ப் பூசணத்தையும் ஒரே நாளில் கலந்து போடும் வழக்கமும் உங்கள் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். டிரைக்கோடெர்மாவும் பூசணம்தான்; நீங்கள் இடும் கொல்லி அதையும் கொல்லும். இரண்டும் தேவைப்பட்டால் இரண்டு வார இடைவெளியாவது விடுங்கள்.

கேள்வி: சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் கொடி கருகி வாடி, ஒரே வாரத்தில் வரிசை வரிசையாகப் போய்விடுகிறது. சோயாவுக்குச் சொல்லும் இந்தக் கூட்டு நோய் கொடிக்காலுக்கும் உண்டா?

பதில்: உண்டு; சோயாவைவிடப் பழைய உறவு அது. கொடிக்கால் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில், நிழலில், ஈரம் மாறாமல் நிற்பது. வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அதைவிட நிம்மதியான இருப்பிடம் ஏது? ஆனால் அங்கே கூட்டாளி மேக்ரோபோமினா அன்று, பைட்டாப்தோரா. வழக்கத்தில் நாம் அதையும் பூசணம் என்கிறோம். கண்டிப்பாகச் சொன்னால் அது பூசண இனத்தைச் சேர்ந்ததே அன்று, நீரில் நீந்தும் வித்துகளைக் கொண்ட தனி வகை. சோயாவின் வேரழுகல் வறட்சியில் சீறும்; இதுவோ ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்கும்போது சீறும். அதனால் சோயாவுக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று மேலே சொன்னதைப் படித்துவிட்டுக் கொடிக்காலில் நீரைக் கட்டிவிடாதீர்கள். உங்களுக்கு முதல் மருந்து வடிகால். பாத்திகளுக்கு இடையே உள்ள வாய்க்காலை மழைக்கு முன்பே ஆழப்படுத்துங்கள்.

நூற்புழுவுக்கு வேப்பம் பிண்ணாக்கும் எதிர்உயிரிகளும் மழை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே மண்ணில் சேர்ந்திருக்க வேண்டும். வாடல் வரும் பருவத்தில் 0.25 சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) கொடியின் அடியில் ஊற்றலாம். ஊற்றும் முன்பு கிள்ளக்கூடிய இலைகளைக் கிள்ளிவிடுங்கள். விதைக்கொடியை நோய் கண்ட கொடிக்காலிலிருந்து எடுப்பதை மட்டும் எவ்வளவு நெருங்கிய உறவினர் கொடுத்தாலும் ஏற்க வேண்டாம்.

கேள்வி: மண்ணை ஆய்வுக்கு அனுப்பினோம், நூற்புழு மிகக் குறைவு என்று அறிக்கை வந்தது. ஆனால் செடிகள் வாடுகின்றன, வேரில் முடிச்சும் தெரிகிறது. (வாடிப்பட்டி வாசகர்)

பதில்: எடுத்த மண்ணில் பிழை இருக்கலாம். காய்ந்து செத்த செடியின் அடியில் மண் எடுத்திருப்பீர்கள். மாணவிக்குச் சொன்ன பதிலை நினைத்துப் பாருங்கள்: அழுகிய வேரில் நூற்புழுவுக்குச் சாப்பாடு இல்லை. அது அங்கிருந்து எப்போதோ குறைந்து போயிருக்கும்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், திருமங்கலம் பக்கத்துப் பருத்திப் புஞ்சை ஒன்றில் காய்ந்த செடியைக் கையால் பிடுங்கி, மேல்வேரை மட்டும் பார்த்துவிட்டு வாடல் நோய் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த நிலத்துப் பெரியவர் ஒன்றும் பேசாமல், திட்டுக்கு வெளியே பச்சையாக நின்ற செடி ஒன்றை மண்வெட்டியால் முக்கால் அடி ஆழம் வெட்டி மண்ணோடு எடுத்து, கமலைத் தொட்டியில் மெல்ல அலசிக் காட்டினார். சிறுவேர் முழுவதும் முடிச்சு. நான் பிடுங்கிய செடியிலோ அந்தச் சிறுவேர்களெல்லாம் மண்ணுக்குள்ளேயே அறுந்து நின்றுவிட்டன. அன்று எழுதிய சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன்.

ஆகவே திட்டின் விளிம்பில், வாடத் தொடங்கிய செடியும் பசுமையான செடியும் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் மண் எடுங்கள். மேல் மண்ணை இரண்டு அங்குலம் விலக்கிவிட்டு 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை, வேரை ஒட்டி, பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, அதிலிருந்து கால் கிலோ மண்ணும் ஒரு கைப்பிடி சிறுவேரும் போதும். உரப் பரிந்துரைக்கான மண்ணை நிழலில் உலர்த்தி அனுப்பச் சொல்வார்கள் அல்லவா, அதே பழக்கத்தில் இதையும் உலர்த்தினால் புழு செத்துவிடும். ஆய்வில் உயிரோடு நீந்தி வரும் புழுவைத்தான் எண்ணுகிறார்கள். ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டி, வெயில் படாமல், வண்டியின் பெட்டிக்குள் வைக்காமல், எடுத்த அன்றோ மறுநாளோ ஒப்படையுங்கள். உங்களுக்கு யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடை வேளாண் கல்லூரி தொலைவில்லை. கடந்த மூன்று பருவத்தில் என்னென்ன பயிர் போட்டீர்கள் என்பதை ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எழுதிப் பையோடு கட்டிவிடுங்கள். பேனாவில் எழுதினால் ஈரத்தில் அழிந்துவிடும்.